முறுக்கை எண்ணிய கைகள்: கராஜ் கதவுச் சுருள்வில்லின் வரலாறு

அமெரிக்கப் புறநகர் வீடொன்றில் அசையும் பொருள்களுள் மிகப் பெரியது அதன் கராஜ் கதவு. 7 அடி உயரமுள்ள சாதாரண எஃகுக் கதவு 60, 70 கிலோ எடையிருக்கும். இரு கார்கள் நுழையும் அகலக் கதவு அதனினும் கனக்கும். ஆயினும் பத்து வயதுச் சிறுமி ஒரு கையால் அதனை உயர்த்திவிடுகிறாள். கதவின் எடை எங்கும் போய்விடவில்லை. கதவின் தலைக்குமேல், சுவரோடு ஒட்டிய அச்சுத்தண்டொன்றில் கோக்கப்பட்டிருக்கும் எஃகுச் சுருள்வில் அந்த எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அச்சுருள்வில்லுக்குள் இருக்கும் ஆற்றல் தானாக வந்ததுமன்று. கதவு பொருத்தப்பட்ட நாளில் தொழிலாளி ஒருவர் ஏணியில் நின்று, இரண்டு எஃகுக் கோல்களை மாற்றி மாற்றிச் செருகி, கால் சுற்று கால் சுற்றாக முப்பது முறை முறுக்கி அதனை அங்கே வைத்துச் சென்றார்.

இந்த எளிய காட்சிக்குப் பின்னால் ஏறக்குறைய 2,300 ஆண்டு வரலாறு இருக்கிறது. முறுக்கப்பட்ட பொருளில் ஆற்றலைச் சேமிக்கலாம் என்பதைப் போர்க்களம் முதலில் அறிந்தது. அதனை அளக்கும் விதியை ஆய்வுக்கூடம் பின்னர் கண்டது. கார் வாங்கிய நடுத்தரக் குடும்பம் கடைசியாக அதனை வீட்டுக்குள் கொண்டுவந்தது. தொழில்நுட்ப வரலாறு இதனை வசதியின் வளர்ச்சியாக எழுதுவதே வழக்கம். சற்று உற்று நோக்கினால் வேறொன்று புலப்படும்: ஒவ்வொரு கட்டத்திலும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை; பயன்படுத்துபவரிடமிருந்து முறுக்குபவரிடம் இடம்பெயர்ந்தது.

1. செவியால் அளந்த காலம்

கி.மு. 399இல் சிராக்கூஸ் நகரின் ஆட்சியாளன் முதலாம் தியோனீசியஸ் கார்த்தேஜுடனான போருக்காகப் பல நாட்டுக் கைவினைஞர்களைத் திரட்டினான். கவண்பொறி அங்கே தோன்றியது என்று தியோதோரஸ் எழுதுகிறார். அந்த முதல் பொறிகள் பெரிய வில்லைப் போன்றவை. வளைந்த மரமும் கொம்புமே அவற்றின் ஆற்றல் மூலம். கி.மு. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பெரும்பாலும் மாசிடோனியாவில், வேறொரு வழி பிறந்தது. விலங்குகளின் தசைநாணாலோ மயிராலோ திரித்த கயிற்றுக் கற்றையை ஒரு மரச்சட்டத்தில் இறுக்கி, அதன் நடுவில் ஒரு கையைச் செருகி முறுக்கினர். வளைவுக்குப் பதிலாக முறுக்கு ஆற்றலைச் சேமித்தது.

அவ்வாறு சேமிப்பதற்குக் கணக்கு வேண்டியிருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பைசாந்தியத்தைச் சேர்ந்த பிலோ எழுதிய பொறிநூல் அக்கணக்கைத் தருகிறது. எறியவேண்டிய கல்லின் எடையை 'மினா' அளவில் எடுத்து, நூறால் பெருக்கி, கனமூலம் கண்டு, அதனோடு பத்திலொரு பங்கைக் கூட்டினால், கயிற்றுக் கற்றை நுழையும் துளையின் விட்டம் விரல் அளவில் கிடைக்கும். 10 மினா, அதாவது ஏறத்தாழ 4.4 கிலோ கல்லுக்கு ஆயிரத்தின் கனமூலம் பத்து. பத்திலொரு பங்கு ஒன்று. ஆகத் துளையின் விட்டம் 11 விரல், இன்றைய அளவில் 21 சென்டிமீட்டர். பொறியின் மற்ற உறுப்புகள் அனைத்தும் இந்த ஒரே விட்டத்தின் மடங்குகளாக அமைந்தன. இந்த அடிப்படை அளவு திரும்பத் திரும்பச் செய்த சோதனைகளால் கண்டறியப்பட்டது என்றும், அலெக்சாந்திரியாவின் அரசர்கள் அதற்குப் பொருள் வழங்கினர் என்றும் பிலோ குறிப்பிடுகிறார்.

துளைக்கு அளவு கிடைத்தது. முறுக்குக்கு அளவு? இடப்புறக் கற்றையும் வலப்புறக் கற்றையும் ஒரே அளவு முறுக்கப்படாவிட்டால் கல் நேராகப் போகாது. இதற்கு ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் கூறும் தீர்வு வியப்பூட்டுவது. பொறிவல்லுநர் இசையும் அறிந்திருக்க வேண்டும் என்கிறார் அவர். கயிறுகளை உருளையாலும் நெம்புகோல்களாலும் இறுக்கியபின் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். இருபுறமும் ஒரே சுருதி எழும்வரை ஆப்பு அடித்து நிலைநிறுத்தக் கூடாது. யாழ் நரம்புக்குச் சுருதி கூட்டும் பாணனின் செவி அங்கே போர்ப்பொறியைச் சமன் செய்தது. 1912இல் ஸ்பெயினின் அம்பூரியாஸில் கிடைத்த கவண்பொறிச் சட்டத்தில், கயிற்றை முறுக்கி நிலைநிறுத்திய வெண்கல வளையங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. சிறிது முறுக்குவது, பின்னர் பூட்டுவது, மீண்டும் முறுக்குவது என்ற வேலைமுறை அன்றே நிலைபெற்றுவிட்டது.

முறுக்கு போருக்குப் பயன்பட்ட அதே காலப்பரப்பில், கதவைத் திறக்க எதிரெடை பயன்பட்டது. அலெக்சாந்திரியாவின் ஹெரோன் விவரிக்கும் கோயில் கதவு பலரும் அறிந்தது. பலிபீடத்தில் தீ மூட்டியதும் காற்று விரிந்து, கலத்திலுள்ள நீரை ஒரு வாளிக்குள் தள்ளும், கனத்த வாளி கீழிறங்கி, கதவின் அச்சுகளில் சுற்றிய கயிற்றை இழுக்கும், கதவு திறக்கும். தீ அணைந்ததும் நீர் திரும்ப, எதிரெடை கதவை மூடும். கதவின் சுமையை வேறொரு பொருளிடம் ஒப்படைத்துவிட்டால் அதனை அசைக்கச் சிறு விசையே போதும் என்ற எண்ணம் அதில் முழுமையாக இருக்கிறது. அந்த எண்ணமும் கவண்பொறியின் முறுக்கும் ஒரே அச்சில் சந்திக்க நெடுங்காலம் ஆயிற்று. இடையில் வேண்டியிருந்தவை இரண்டு: முறுக்கின் விதி, மலிவான நல்ல எஃகு.

2. கோணமும் விசையும்

தசைநாண் ஈரத்தில் தளரும். பழகப் பழக வலுவிழக்கும். அதன் நடத்தையை விதியாக எழுதுவது எளிதன்று. உலோகம் வேறு வகை. 1676இல் ராபர்ட் ஹூக் தம் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல் விடையை அவிழ்த்தார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. கம்பிச் சுருள், கடிகாரச் சுருள், நீண்ட நேர்க்கம்பி, உலர்ந்த மரச்சட்டம் ஆகிய யாவற்றிலும் அவர் அதனைச் சோதித்துக் காட்டினார். கடிகாரத்தின் சமநிலைச் சுருளை முதலில் கண்டவர் யார் என்று அவருக்கும் ஹைகன்ஸுக்கும் நடந்த பூசல் அதே பத்தாண்டைச் சேர்ந்தது. சுருள்வில்லைப் பற்றிய அறிவியல் இவ்வாறு நேரத்தை அளக்கும் முயற்சியோடு சேர்ந்தே வளர்ந்தது.

முறுக்குக்கு உரிய விதியைத் தந்தவர் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் சார்லஸ் அகஸ்டின் கூலோம். திசைகாட்டி ஊசியை உராய்வின்றித் தொங்கவிடும் வழியைத் தேடிய அவர், மெல்லிய கம்பிகளின் முறுக்கை ஆராய்ந்து 1784இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கட்டுரை அளித்தார். கம்பி காட்டும் எதிர்ப்பு முறுக்கிய கோணத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கம்பியின் விட்டத்தினுடைய நான்காம் அடுக்குக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். மறு ஆண்டில் இதே கம்பியைக் கொண்டு மின்னூட்டங்களுக்கு இடையேயான விசையை அளந்தார். 1798இல் ஹென்றி கேவண்டிஷ் முறுக்குத் தராசால் புவியின் அடர்த்தியைக் கண்டார். கல் எறிந்த முறுக்கு, காற்றசைவுக்கும் கலங்கும் நுண்ணிய அளவுகோலாக மாறிவிட்டது.

கூலோமின் நான்காம் அடுக்கு ஏட்டுச் செய்தியாகத் தோன்றலாம். இன்றைய கராஜ் தொழிலாளிக்கு அது அன்றாட நடைமுறை. சுருள்வில்லின் கம்பி பத்து விழுக்காடு தடித்தால் அதன் வலு 46 விழுக்காடு கூடிவிடும். கண்ணளவில் ஒன்றுபோலத் தெரியும் இரு சுருள்களுள் ஒன்று கதவைத் தாங்கும். மற்றொன்று கூரையை நோக்கி எறியும். ஆகவே கம்பியின் தடிமனை அவர் ஒற்றைச் சுற்றில் அளப்பதில்லை. நெருங்கிய இருபது சுற்றுகளின் மொத்த நீளத்தை அளந்து இருபதால் வகுக்கிறார். பிழையைப் பங்கிட்டுச் சுருக்கும் இந்த உத்தி ஆய்வுக்கூடத்தின் உத்தியே.

இங்கே பெயரில் ஒரு வேடிக்கையும் உண்டு. அச்சைச் சுற்றி முறுக்கப்படும் 'முறுக்குச் சுருள்வில்'லின் கம்பி உண்மையில் முறுக்கப்படுவதில்லை, வளைக்கப்படுகிறது. நீளவாட்டில் இழுக்கப்படும் சுருள்வில்லில்தான் கம்பி உள்ளுக்குள் முறுக்குண்கிறது. ஒவ்வொன்றும் மற்றதன் பெயருக்கு உரியதைச் செய்கிறது. எனினும் கோணத்துக்கேற்பத் திருப்பு விசை வளர்வதும் விட்டத்தின் நான்காம் அடுக்கும் வளைவிலும் மாறுவதில்லை. அதனால் தொழிலாளியின் கணக்குக்குப் பெயர்க்குழப்பம் இடையூறாவதில்லை.

அச்சில் சுற்றிய சுருள்வில்லை முதலில் வீடுகளுக்குப் பழக்கியது ஓர் எளிய பொருள். 1864இல் ஸ்டுவர்ட் ஹார்ட்ஸ்ஹார்ன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சன்னல் சுருள்திரை அது. உருளைக்குள் சுருள்வில், திரையை இழுத்து இறக்கினால் வில் முறுக்கேறும், விட்டதும் அதே முறுக்கு திரையைச் சுருட்டும். இறங்கும் பொருள் ஏறுவதற்கான ஆற்றலை இறங்கும்போதே சேமிக்கிறது. அதனைத் துணியிலிருந்து கனத்த கதவுக்கு நகர்த்தக் காரணம் ஒன்று தேவைப்பட்டது. கார் அதனைத் தந்தது.

3. கொட்டகைக்கு வந்த கார்

1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி வெளிவந்தது. 1927இல் அதன் உற்பத்தி முடிந்தபோது ஒன்றரைக் கோடி கார்கள் விற்றிருந்தன. அவற்றை நிறுத்த இடம்? குதிரை வண்டிக்கென வீட்டின் பின்புறம் இருந்த கொட்டகையே முதல் புகலிடம். பாதுகாத்து நிறுத்துதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'கராஜ்' என்ற பெயர் வந்தது. கொட்டகையின் கதவோ குதிரைக் காலத்துக் கதவு: இருபுறமும் கீல் வைத்து வெளியே விரியும் கனத்த மரக்கதவு. வடக்கு மாநிலங்களில் பனிக்காலம் வந்தால் கதவின் முன் குவிந்த பனியை வாரியகற்றாமல் அதனைத் திறக்க முடியாது. எடை தாங்காமல் கீல்கள் தளரும். காற்றில் கதவு காரின் மீதே அடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் நகரும் கதவுகளுக்குச் சுவரோரம் இடம் வேண்டியிருந்தது. சிறிய கராஜில் அதுவும் இல்லை.

முன்னும் விரியாமல், பக்கமும் நகராமல் இருக்கவேண்டுமானால் கதவு மேலேதான் போகவேண்டும். 1921இல் சி. ஜி. ஜான்சன் வடிவமைத்த மேலேறும் கதவு இந்த வழியில் புகழ்பெற்றது. கிடைமட்டமான பல பலகைகள் கீல்களால் இணைந்து, ஓரச் சக்கரங்களால் வளைந்த தடத்தில் ஏறிக் கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். கதவின் சிறு மாதிரியொன்றைத் தம் மாடல் டி காரின் பின்புறம் பொருத்தி, ஊர் ஊராக ஓட்டிச்சென்று அவர் முகவர்களைத் திரட்டினார் என்பது அவருடைய நிறுவனம் சொல்லிவரும் வரலாறு. கதவு வேண்டும் என்ற தேவையை உண்டாக்கிய காரே கதவை விற்கவும் பயன்பட்டது. 1926இல் அவர் மின் இயக்கியையும் உருவாக்கினார். போருக்குப்பின் புறநகர் வீடுகள் பெருகி, கராஜ் வீட்டோடு ஒட்டிக்கொண்டபோது, தெருவை நோக்கிய முகப்பின் பெரும்பகுதியாகவே அந்தக் கதவு ஆயிற்று.

மேலேறும் கதவுக்கு எடையைத் தாங்கும் துணை கட்டாயம். இரு வழிகள் நிலைத்தன. ஒன்று, இருபுறத் தடங்களுக்கு மேலே நீளும் இழுவைச் சுருள்வில். மற்றொன்று, கதவின் தலைக்குமேல் அச்சில் ஏறிய முறுக்குச் சுருள்வில். இழுவைச் சுருள் மலிவானது, பொருத்துவதும் எளிது. ஆனால் அது அறுந்தால் இழுபட்ட எஃகு எறிபடையாகும். காரின் கண்ணாடியையோ அருகில் நிற்பவரையோ தாக்கும். அதனால்தான் அதன் நடுவே பாதுகாப்புக் கம்பியொன்றைக் கோத்து வைப்பர். முறுக்குச் சுருள் அறுந்தால் பேரோசை எழும். துண்டுகள் அச்சுத்தண்டிலேயே தங்கிவிடும். வீட்டாருக்கு இரண்டாவதே பாதுகாப்பானது. அந்தப் பாதுகாப்பின் விலை பொருத்தும் நாளில் கொடுக்கப்படுகிறது.

4. முப்பது கால் சுற்றுகள்

அந்த நாளின் வேலையைப் படிப்படியாகப் பார்ப்பது பயன்தரும். பலகைகளும் தடங்களும் அமைந்தபின், கதவின் நடுவுக்கு மேலே சுவர்ச் சட்டத்தில் ஒரு தாங்கித் தகடு திருகப்படும். முழு முறுக்கையும் எதிர்த்து நிற்பது இத்தகடே. அதன் பின்னுள்ள மரம் உளுத்திருந்தால் எல்லாம் வீண். சுருள்வில்லின் ஒரு முனையிலுள்ள நிலைக்கூம்பு இத்தகட்டோடு பிணைக்கப்படும். மறுமுனையிலுள்ள முறுக்குக்கூம்பு அச்சுத்தண்டில் இன்னும் தளர்வாகவே இருக்கும். தண்டின் இரு கோடியிலும் உருளைகள். உருளைகளிலிருந்து கம்பிவடங்கள் இறங்கிக் கதவின் அடிமூலைகளைப் பிடித்திருக்கும். இடச்சுருளும் வலச்சுருளும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டவை. இடம் மாற்றிப் பொருத்திவிடாதிருக்கக் கூம்புகளுக்குச் சிவப்பு, கருப்பு என நிறம் தீட்டியிருப்பர்.

முறுக்குவதற்கு முன் கதவைத் தடத்தோடு இறுகப் பிடித்துவைக்க வேண்டும். இல்லையேல் முறுக்கேறிய கதவு எதிர்பாராமல் மேலெழும். பிறகு சுருள்வில்லின் நீளம் முழுவதும் ஒரு நேர்க்கோடு தீட்டப்படும். முறுக்க முறுக்க அந்தக் கோடு திருகுசுருளாகச் சுற்றிக்கொள்ளும். கோடு எத்தனை முறை சுற்றியிருக்கிறதோ அத்தனை முழுச்சுற்றுகள். விட்ருவியஸின் தொழிலாளி செவியால் அறிந்ததை இங்கே கண் எண்ணிக் கொள்கிறது.

எத்தனை சுற்று வேண்டும்? 4 அங்குல விட்டமுள்ள உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 32 சென்டிமீட்டர். 7 அடிக் கதவு, அதாவது 213 சென்டிமீட்டர் உயர, உருளை ஏறக்குறைய ஆறே முக்கால் சுற்றுச் சுழல வேண்டும். கதவு முழுதும் திறந்த நிலையிலும் கம்பிவடம் தொய்ந்து உருளையைவிட்டு வழுவாதிருக்க இன்னும் முக்கால் அல்லது ஒரு சுற்று. ஆக ஏழரைச் சுற்று. கால் சுற்று வீதம் முப்பது முறை. கூம்பிலுள்ள துளைகளில் ஒரு கோலைச் செருகிக் கால் சுற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த துளையில் இரண்டாம் கோலைச் செருகி, பின்னரே முதற்கோலை எடுக்க வேண்டும். எந்த நொடியிலும் ஒரு கோல் முழுச் சுமையையும் தாங்கி நிற்கும். முறுக்கேறும்போது சுற்றுகளின் எண்ணிக்கை கூடிச் சுருள்வில் சற்று நீளும். அதன் விட்டம் சுருங்கும். இறுதியில் கூம்பின் இறுக்கு திருகுகளை அச்சுத்தண்டின்மீது முடுக்கியதும் சுமை கோலைவிட்டுத் தண்டுக்கு மாறுகிறது.

68 கிலோ கதவுக்கு, 2 அங்குல ஆரமுள்ள உருளையில், தேவையான திருப்பு விசை ஏறத்தாழ 34 நியூட்டன் மீட்டர். 45 சென்டிமீட்டர் கோலின் முனையில் அது ஏழரைக் கிலோ இழுப்பு. இரு சுருள்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் அதில் பாதி. எண் அச்சுறுத்துவதாயில்லை. ஆபத்து இழுப்பின் அளவில் இல்லை; அதன் பின்னே நிற்கும் சேமிப்பில் இருக்கிறது. முழுதும் முறுக்கிய நிலையில் சுருளில் தங்கியிருப்பது சுமார் 800 ஜூல். 40 கிலோ மூட்டையொன்றை இரண்டு மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல். துளைக்குப் பொருந்தாத கோல், அல்லது கோலுக்குப் பதில் எடுத்த திருப்புளி, நழுவினால் அந்தச் சேமிப்பு நொடிப்பொழுதில் விடுபடும். உடைவது விரலோ மணிக்கட்டோ முகமோ ஆகலாம். அதனால்தான் அனுபவசாலிகள் சுருளுக்கு நேரெதிரே நிற்பதில்லை. ஒருபுறம் விலகி நின்று முறுக்குகிறார்கள்.

இந்த அமைப்பின் அழகு கதவு ஏறும்போது விளங்கும். கதவு உயர உயர அதன் மேற்பலகைகள் வளைவைத் தாண்டிக் கிடைத்தடத்தில் படுக்கின்றன. கம்பிவடம் தாங்கவேண்டிய எடை படிப்படியாகக் குறைகிறது. சுருள்வில்லும் அவிழ அவிழ, கோணத்துக்கேற்பத் தன் விசையைப் படிப்படியாக இழக்கிறது. சுமை குறையும் வீதமும் வலு குறையும் வீதமும் ஏறக்குறைய இணைகின்றன. கூலோமின் நேர்விகிதமும் வளைந்த தடத்தின் வடிவியலும் இவ்வாறு ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. வேலை முடிந்ததும் தொழிலாளி செய்யும் சோதனை இதுவே: கதவைப் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை எடுக்கிறார். ஏறவும் இறங்கவும் செய்யாமல் அது நின்றால் முறுக்கு சரி.

5. இடம்பெயர்ந்த ஆபத்து

மின் இயக்கி பரவியபின் கதவின் ஆபத்து பொதுவிவாதமாயிற்று. இறங்கும் கதவின்கீழ் சிக்கிச் சிறார் உயிரிழந்த நிகழ்வுகள் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கவனத்துக்கு வந்தன. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வீட்டுக் கராஜ்களின் மின் இயக்கிகளுக்குப் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. 1993 ஜனவரி 1 முதல் தயாரான இயக்கிகளில், தடையில் மோதினால் கதவு திரும்பி ஏறுவதோடு, வாயிலின் குறுக்கே ஒளிக்கற்றை உணரியோ கதவின் விளிம்பில் தொடு உணரியோ இருக்கவேண்டும் என்பது விதி. இன்று கதவின் அடியில் காணும் சிறு கண்கள் அந்தச் சட்டத்தின் குழந்தைகள்.

ஐயமின்றி நல்ல சட்டம். ஆயினும் அது யாரைக் காக்கிறது என்று கேட்பது வரலாற்று மாணவருக்குத் தகும். உணரிகள் வாயிலைக் கடப்பவரைக் காக்கின்றன. கூரைக்குக் கீழே ஏணியில் நின்று முறுக்குபவரைக் காப்பது எச்சரிக்கைச் சீட்டும் தொழிற்பழக்கமும் மட்டுமே. பொதுவாக விற்கப்படும் சுருள்வில் 10,000 முறை திறந்து மூடும் ஆயுளுக்கு வடிவமைக்கப்படுகிறது. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுகள்கூட ஆகாது. வீட்டார் ஏழாண்டுக்கு ஒருமுறை ஓர் ஓசையைக் கேட்கிறார்கள். தொழிலாளி அந்த ஓசை எழுந்த வீடுகளுக்கே நாள்தோறும் போகிறார். வீட்டாருக்கு அரிதான நிகழ்வு அவருக்கு அன்றாடப் பணி. சுருளைக் குழாய்க்குள் மறைத்து, பற்சக்கரங்களின் வழியே மின்துளைப்பானால் முறுக்கும் அமைப்புகள் பின்னர் வந்தன. அவை கோல் நழுவும் ஆபத்தை நீக்கின. திறந்த சுருளும் இரு கோல்களும் அவற்றால் வழக்கொழிந்துவிடவில்லை.

6. இந்தியக் கடைவீதியில் அதே சுருள்

இந்திய வீடுகளில் இத்தகைய கராஜ் கதவு அரிது. சுருள்வில்லோ அரிதன்று, இந்நாட்டின் கடைவீதிகள் ஒவ்வொரு நாளும் அதனால்தான் விடிகின்றன. எண்ணிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகியும் எடுத்தும் கடை திறந்த காலத்தை மாற்றியது இரும்பு ஷட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலண்டன் கடைகளில் வழக்கிலிருந்த சுருளும் இரும்புக் கதவின் வழித்தோன்றல் அது. ஒன்றோடொன்று கொக்கியிட்ட தகட்டுப் பட்டைகள் மேலேயுள்ள குழாய்த்தண்டைச் சுற்றி உருள்கின்றன. தண்டின்மீதுள்ள கம்பிச் சுருள்கள் அவற்றின் எடையைத் தாங்குகின்றன.

இந்தச் சுருளுக்கும் எழுத்து ஆவணம் உண்டு. உலோகச் சுருள்கதவுகளுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 6248, 1979. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் ஷட்டருக்குரிய பத்தியில் 27.5 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பிச் சுருள்வில்லைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது; அது எந்தத் தர எஃகுக் கம்பியால் ஆகவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அன்றாடப் பொருள்களின் வரலாற்றை எழுத விரும்புவோர்க்கு இத்தகைய விலைப்பட்டியல்கள் அரிய சான்றுகள். கல்வெட்டுகளில் நிலத்தின் நான்கெல்லையைப் படிக்கும் கவனத்தோடு அவற்றையும் படிக்கலாம். எஃகின் தரமும் சுருளின் நீளமும் தகட்டின் தடிமனும் அங்கே இருக்கின்றன.

முறுக்குபவர் அங்கே இல்லை. பைப் ரெஞ்சால் குழாய்த்தண்டைத் திருப்பி, எத்தனை சுற்று என்பதை மனத்தில் எண்ணி, பூட்டி, ஷட்டரை ஏற்றியும் இறக்கியும் பார்த்து, கனத்தால் இன்னும் அரைச்சுற்றுக் கூட்டும் கையின் அறிவு 'பொருத்துதல் உட்பட' என்ற சொற்றொடருக்குள் அடங்கிவிடுகிறது. தரநூல் பொருளை வரையறுக்கிறது. கையின் எண்ணிக்கை ஆசானிடமிருந்து உதவியாளனுக்கு, ஏணியின் மேலிருந்து கீழே, வாய்மொழியாகவே போய்ச் சேர்கிறது.

பிலோவின் நூலில் அரசர்களின் கொடை பதிவாகியிருக்கிறது. கயிற்றை முறுக்கியவர் பெயர் இல்லை. விட்ருவியஸ் இசையறிந்த பொறியாளரைப் போற்றுகிறார். நெம்புகோலைப் பிடித்தவரைச் சொல்லவில்லை. ஜான்சனின் பெயர் நிறுவன வரலாற்றில் நிலைத்தது. அவர் விற்ற கதவுகளை ஊர் ஊராகப் பொருத்தியோர் பெயரின்றி மறைந்தனர். தொழில்நுட்பத்தின் வரலாறு கண்டுபிடித்தவர்களின் வரலாறாக மட்டும் எழுதப்படும்போது விடுபடுவது பெயர்ப்பட்டியல் மட்டுமன்று. சேமித்த ஆற்றல் எங்கிருந்து வந்தது, அதன் ஆபத்தை யார் ஏற்றார் என்ற கணக்கும் விடுபடுகிறது. எட்டு மணிக்குக் கடைக்காரர் ஒரு கையால் ஷட்டரை உயர்த்துகையில், மேலேறும் இரும்பில் பாதிக்கும் மேலான உழைப்பு அவருடையதன்று. என்றோ ஒருநாள் ஏணியில் நின்றவர் எண்ணி எண்ணி அங்கே வைத்துப் போனது.